கோடிக்கணக்கில் சம்பாதிக்கிற கம்பெனியால் ஒரு ஹேக்கரைத் தடுக்க முடியாதா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்க ஏரியா பசங்க சேர்ந்து பிஜிஎம்ஐ டோர்னமென்ட் நடத்துறோம். ஒவ்வொரு தடவையும் எவனாவது ஹேக் போட்டு ஆடுறான், கடைசில சண்டைலதான் முடியுது. இவ்ளோ பெரிய கம்பெனி, இவ்ளோ பணம், ஏன்ணா இத நிறுத்த முடியல? நாங்க என்னதான் பண்றது?"

தெரியாதவர்களுக்கு: பிஜிஎம்ஐ என்பது போனில் ஆடுகிற துப்பாக்கிச் சண்டை கேம், ஹேக் என்பது அதில் ஏமாற்ற உதவுகிற புரோகிராம். ஆன்லைன் கேம்களுக்கு சர்வர் புரோகிராம் எழுதுவது என் வேலை. பெரம்பூரில்தான் இருக்கிறேன், அதனால் நீங்கள் சொல்கிற சண்டை எப்படி ஆரம்பிக்கும், எங்கே போய் நிற்கும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். முதலில் நேரடிப் பதிலைச் சொல்லிவிடுகிறேன் தம்பி. இதை முழுசாக நிறுத்த முடியாது. குறைக்கலாம், ஏமாற்றுகிறவனுக்குச் செலவு வைக்கலாம், சில வகை ஏமாற்றை அடியோடு ஒழிக்கவும் செய்யலாம். மிச்சம் எப்போதும் இருக்கும். கம்பெனி பொறுப்பாக வேலை செய்தாலும் இருக்கும்.

ஏன் என்று புரிய நம் ஏரியா கேரமை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் 3 தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். அவர் ஆடிய ஆட்டத்தில் ஒரே ஒரு போர்டு, சுற்றி எத்தனையோ கண்கள், பக்கத்தில் அம்பயர். ஆன்லைன் கேமில் அந்த ஒரே போர்டு கிடையாது. ஒவ்வொருவர் வீட்டிலும் தனித்தனி போர்டு இருக்கிறது. நீங்கள் உங்கள் வீட்டில் ஸ்ட்ரைக்கரை அடித்துவிட்டு, "ரெட் போட்டேன், ஃபாலோவும் போட்டேன்" என்று எங்கேயோ இருக்கிற அம்பயருக்குப் போனில் சொல்கிறீர்கள். அந்த அம்பயர்தான் சர்வர். அவர் உங்கள் போர்டைப் பார்த்ததே இல்லை. உங்கள் போனோ கம்ப்யூட்டரோ சொல்வதைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறார். அந்த போன் ஏமாற்ற நினைப்பவனின் சொந்தப் பொருள். அதைத் திறந்து, மாற்றி, பொய் சொல்லவைக்க அவனுக்கு வேண்டிய நேரமெல்லாம் இருக்கிறது.

அப்படியென்றால் போன் சொல்வதை நம்பாமல், எல்லாவற்றையும் சர்வரே கணக்குப் போட்டால் என்ன? பாதி விஷயத்துக்கு அதுதான் சரியான வழி. உயிர் எவ்வளவு மிச்சம், துப்பாக்கியில் எத்தனை குண்டு, ஒரு நொடியில் எவ்வளவு தூரம் ஓடலாம் என்பதையெல்லாம் சர்வர் தன் கையில் வைத்துக்கொள்ள முடியும். ஒருவன் வானத்தில் பறக்கிறான், குண்டு பட்டாலும் சாகவில்லை என்றால், சர்வர் சரிபார்க்க வேண்டியதைச் சரிபார்க்கவில்லை என்று அர்த்தம். அதற்குக் கம்பெனியைத் திட்டலாம், தப்பே இல்லை. சர்வரில் கணக்குப் போடுவது செலவு. லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஆடும்போது அந்தச் செலவை போன் தலையில் கட்டிவிடுகிற ஆசை எல்லாக் கம்பெனிக்கும் வரும். 2020 ஆகஸ்டில் ஃபால் கைஸ் என்கிற ஓட்டப்பந்தய கேம் வந்த புதிதில் ஆட்கள் பறந்தும் அசுர வேகத்தில் ஓடியும் ஜெயித்தார்கள். பிடிபட்டவர்களைக் கொஞ்ச காலம் தனித் தீவு மாதிரி ஒதுக்கி, அவர்களை அவர்களோடே ஆடவிட்டதாக அந்த நிறுவனமே பிறகு சொன்னது.

ஆனால் இங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. கொடுங்கையூரில் சாயங்காலம் எல்லா வீட்டிலும் வீடியோ ஓடும்போது நெட் ஒரு நொடி தொங்கும். பிறகு அந்த ஒரு நொடியின் செய்திகள் எல்லாம் மொத்தமாகப் போய் சர்வரில் விழும். சர்வர் கண்ணுக்கு அந்தப் பையன் இங்கிருந்து அங்கே குதித்த மாதிரி தெரியும். ஸ்பீடு ஹேக் போட்டவனும் அப்படித்தான் தெரிவான். சர்வர் கறாராக இருந்தால் லேக் அடிக்கிற நல்ல பையனின் ஆள் பின்னால் பின்னால் இழுத்துக்கொண்டு போவான். இளக்கமாக இருந்தால் ஹேக்கர் அந்த இளக்கத்துக்குள் புகுந்துகொள்வான். இந்த அளவுகோலை எங்கே வைப்பது என்று முடிவு செய்வதுதான் என் வேலையில் தூக்கம் கெடுக்கிற விஷயம். ஏனென்றால் நல்ல நெட் இல்லாதவன்தான் எப்போதும் அதில் அடிபடுகிறான்.

அடுத்தது சுவருக்குப் பின்னால் இருப்பவனைப் பார்க்கிற வால்ஹேக். இதைத்தான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "எதிரி எங்கே இருக்கான்னு என் போனுக்கு ஏன் சொல்றீங்க? சொல்லாமலே இருந்தா அவன் எதைப் பார்ப்பான்?" என்று எல்லோரும் கேட்பார்கள். சரியான கேள்வி. சிக்கல் நேரத்தில் இருக்கிறது. உங்கள் போனிலிருந்து செய்தி சர்வருக்குப் போய், அங்கிருந்து பதில் திரும்பி வர, நல்ல நெட்டிலேயே 50 மில்லி செகண்டு என்று வைத்துக்கொள்வோம். எதிரிக்கும் அதே அளவு. இதற்கிடையில் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடுகிற ஒருவன் கால் மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுவான். அவன் சுவர் முனையைத் தாண்டிய பிறகுதான் சர்வர் உங்களுக்குச் சொல்லும் என்றால், உங்கள் திரையில் அவன் வெறும் காற்றிலிருந்து முளைத்து நிற்பான். நீங்கள் சுடுவதற்குள் செத்திருப்பீர்கள். அதனால் அவன் முனைக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னாடியே அவன் இருக்கிற இடத்தை உங்கள் போனுக்கு அனுப்பியாக வேண்டும். போன் அதைத் தெரிந்துகொண்டு மறைத்து வைக்கும். ஹேக் செய்கிற ஒரே வேலை அந்த மறைப்பை எடுத்துவிடுவதுதான். காலடிச் சத்தமும் அப்படியே. பக்கத்து அறையில் நடக்கிறவன் சத்தம் சரியான திசையிலிருந்து கேட்க வேண்டுமென்றால், அவன் எங்கே நடக்கிறான் என்று போனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வாலரண்ட் என்கிற துப்பாக்கி கேமில் இதற்காக ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எதிரி கண்ணில் படப்போகிற தருணம் நெருங்கும்வரை அவன் இருக்கும் இடத்தை சர்வர் அனுப்பாது. நல்ல வேலை அது. ஆனால் அங்கே ஆடுபவர்கள் 10 பேர், மேப் சின்னது, சுவர்கள் நிறைய. பிஜிஎம்ஐ மாதிரி 100 பேர் திறந்தவெளியில் இறங்குகிற ஆட்டத்தில், மலை மேல் 8எக்ஸ் ஸ்கோப்போடு (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் கண்ணாடி) படுத்திருப்பவனுக்கு யார் தெரிவார், யார் தெரியமாட்டார் என்று ஒவ்வொரு நொடியும் பலமுறை கணக்குப் போடுவது எவ்வளவு கனமான வேலை என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஆட்டத்தின் அமைப்பே ஹேக்கருக்கு இடம் கொடுக்கிறது.

தானாகவே குறிபார்த்துத் தருகிற எய்ம்பாட் இன்னும் மோசம். அதில் பொய் என்று எதுவும் இல்லை. "இந்தக் கோணத்தில் திரும்பினேன், சுட்டேன்" என்று போன் சொல்கிறது, உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது. திருப்பியது விரலா, புரோகிராமா என்பதுதான் கேள்வி. முன்பெல்லாம் ஒரே தாவலில் தலையில் போய் நிற்கும், யார் பார்த்தாலும் தெரியும். இப்போது விற்கிறவை மனிதக் கை மாதிரி மெதுவாக இழுக்கும், சில குண்டுகளை வேண்டுமென்றே தவறவிடும், ஆள் ஏற்கெனவே குறிக்குப் பக்கத்தில் வந்த பிறகு மட்டும் ஒரு சின்ன உதவி செய்யும். கேமைத் தொடாமலே, திரையில் ஓடுகிற படத்தை வேறொரு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய், அங்கே ஆளை அடையாளம் கண்டு, மவுஸ் மாதிரி நடிக்கிற ஒரு கருவி வழியாகக் குறியை நகர்த்துகிற வகையும் வந்துவிட்டது. கேம் ஓடுகிற கம்ப்யூட்டரை என்ன சோதித்தாலும் அதில் ஹேக் புரோகிராம் இருக்காது.

சோதிக்கிற வேலைக்கு வருகிறேன். கவுன்டர் ஸ்ட்ரைக் கேமின் கம்பெனியான வால்வ் 2002-லேயே தன் ஆன்டி-சீட்டை, அதாவது ஏமாற்றைப் பிடிக்கிற மென்பொருளை, கொண்டுவந்தது. கேம் ஓடும்போது கூடவே ஓடி, தெரிந்த ஹேக் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும். ஹேக் எழுதுகிறவர்கள் ஒரு படி கீழே இறங்கி, விண்டோஸின் அடித்தளமான கர்னலுக்குள் போய் ஒளிந்தார்கள். ஆன்டி-சீட்டும் பின்னாலேயே இறங்கியது. 2020-ல் வாலரண்டோடு வந்த வேன்கார்ட் என்கிற ஆன்டி-சீட், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே உட்கார்ந்துவிடுகிறது. உடனே எதிர்த்தரப்பு கம்ப்யூட்டருக்குள் ஒரு கார்டைச் செருகி, அதன் வழியே மெமரியை இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து படிக்க ஆரம்பித்தது. இப்படிப் போய்க்கொண்டே இருக்கிறது, முடிவு தெரியவில்லை.

கர்னல்வரை ஒரு கேம் கம்பெனியை விடுவதில் எனக்கு முழுச் சம்மதம் கிடையாது. 2022-ல் ஜென்ஷின் இம்பாக்ட் கேமின் ஆன்டி-சீட் டிரைவரை (கர்னலில் ஓடுகிற அதன் பகுதி) எடுத்து, அதைக் கொண்டே ஆன்டி-வைரஸை நிறுத்திவிட்டு, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கிற ரான்சம்வேரை இறக்கியிருக்கிறார்கள் என்று டிரெண்ட் மைக்ரோ என்கிற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. அந்தக் கேமே இல்லாத கம்ப்யூட்டரிலும் அதைச் செய்யலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு தப்பான அப்டேட்டில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. அது பாதுகாப்பு மென்பொருள்தான், கேம் இல்லை. ஆனால் அந்த ஆழத்தில் ஒரு தப்பு நடந்தால் என்ன ஆகும் என்பதை அன்று உலகமே பார்த்தது. தன் ஒரே கம்ப்யூட்டரில் படிப்பு, பேங்க் வேலை, கேம் எல்லாம் செய்கிற ஒரு வீட்டில் இதை யோசிக்காமல் இருக்க முடியாது.

நம் பையன்கள் பெரும்பாலும் ஆடுவது போனில். அங்கே நிலைமை தலைகீழ். ஆண்ட்ராய்டில் ஒரு ஆப் இன்னொரு ஆப்புக்குள் எட்டிப் பார்க்க முடியாது, அது நம் பாதுகாப்புக்காகச் செய்த வேலி. ரூட் பண்ணிய போனில், அதாவது முழு அதிகாரத்தையும் திறந்துவிட்ட போனில், ஹேக் அந்த வேலியைத் தாண்டிவிடும். கேமும் அதற்குள் இருக்கிற ஆன்டி-சீட்டும் வேலிக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கும். ரூட் பண்ணியிருக்கிறதா, எமுலேட்டரில் (போன் மாதிரி நடிக்கிற கம்ப்யூட்டர் புரோகிராம்) ஓடுகிறதா, ஏபிகே-யை (ஆப்பை நிறுவுகிற ஃபைல்) மாற்றியிருக்கிறார்களா என்று கேம் பார்க்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதே ஹேக்கர் கைவைத்த போன்தானே.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுகிற இடத்துக்கு வருகிறேன். "சந்தேகம் வந்தா தூக்கிட வேண்டியதுதானே" என்று பலர் சொல்கிறார்கள். ஒரு கணக்குப் போடுங்கள். 10 லட்சம் பேர் ஆடுகிறார்கள், அதில் நூற்றுக்கு ஒருவர், அதாவது 10,000 பேர், ஏமாற்றுகிறார்கள். நம்மிடம் 100-க்கு 99 முறை சரியாகச் சொல்கிற ஒரு கருவி இருக்கிறது. ஏமாற்றுகிற 10,000 பேரில் 9,900 பேரைப் பிடித்துவிடும். நேர்மையாக ஆடுகிற 9,90,000 பேரில் நூற்றுக்கு ஒருவரைத் தப்பாகச் சொல்லும், அதுவும் 9,900 பேர். பேன் ஆனவர்களில், அதாவது தடை செய்யப்பட்டவர்களில், சரி பாதி பேர் ஒரு தப்பும் செய்யாதவர்கள்! கேட்கும்போது பிரமாதமாகத் தெரிகிற 99 சதவீதம் இங்கே கொஞ்சமும் போதாது. அதனால்தான் பொறுப்பான கம்பெனி, பத்து ஹேக்கர் தப்பித்தாலும் பரவாயில்லை என்று அளவுகோலை மேலே வைக்கிறது. நானும் அந்தப் பக்கம்தான்.

அந்தப் பக்கம் நிற்பதற்குக் காரணம் கணக்கு மட்டும் இல்லை. வண்ணாரப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் கேமிங் சென்டர் வைத்திருக்கிறார். ஒரு நாள் ராத்திரி யாரோ ஒருவன் வந்து ஒரு சிஸ்டத்தில் ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டி, பென்டிரைவிலிருந்து ஏதோ போட்டு ஆடிவிட்டுப் போய்விட்டான். சில நாள் கழித்து அந்த சிஸ்டத்தில் யார் ஐடி போட்டு உள்ளே போனாலும் பேன் என்று வந்தது. ஆளை மட்டும் தூக்கினால் புது ஐடியோடு வந்துவிடுவான் என்று, மதர்போர்டு, டிஸ்க் நம்பர்களைக் குறித்துவைத்து மெஷினையே தூக்குகிற முறை அது. சொந்தக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவனுக்கு அது நியாயமான தண்டனை. பத்துப் பேர் பகிர்ந்து உட்காருகிற மெஷினுக்கு? விஷயம் தெரியாமல் அதில் உட்கார்ந்த ஒரு ப்ளஸ் ஒன் பையன், ரொம்ப காலம் ஆடிச் சேர்த்த ஐடியை இழந்தான். அண்ணன் கம்பெனிக்கு மெயில் போட்டார், வந்தது மெஷின் எழுதிய பதில். கடைசியில் மானிட்டர் மேல் "இதுல அந்த கேம் போடாதீங்க" என்று பேப்பர் எழுதி செல்லோடேப் போட்டு ஒட்டினார். நம் பக்கத்தில் ஒரே போனில் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஆடுவார்கள், பர்மா பஜாரில் செகண்ட் ஹேண்டு போன் வாங்குவார்கள், ஒரே வைஃபையை மாடி முழுக்கப் பகிர்வார்கள். ஒரு கருவிக்கு ஒரு ஆள் என்று எங்கேயோ உட்கார்ந்து எழுதிய விதி இங்கே தப்பான ஆளைத்தான் அடிக்கும்.

"ரிப்போர்ட் பண்ணேன், மறுநாளும் அவன் ஆடிட்டுதான் இருக்கான்" என்பது அடுத்த புகார். இதில் பாதி வேண்டுமென்றே செய்கிற தாமதம். பிடித்த அன்றே தூக்கினால், ஹேக் எழுதுகிறவனுக்கு எந்த மாற்றத்தால் மாட்டினோம் என்று உடனே தெரிந்துவிடும், அடுத்த நாளே சரிசெய்துவிடுவான். சேர்த்துவைத்து ஒரே நாளில் தூக்கினால் அவனுக்குக் காரணம் புரியாது. 2023 பிப்ரவரியில் டோட்டா 2 என்கிற தன் கேமில் வால்வ் ஒரு பொறி வைத்தது. சாதாரணமாக ஆடும்போது யாருமே படிக்காத ஒரு தகவலை கேமுக்குள் போட்டுவைத்தார்கள். ஹேக் மட்டும்தான் அதைப் போய்ப் படிக்கும். படித்த 40,000-க்கும் மேற்பட்ட ஐடிகளை ஒரேயடியாகத் தூக்கினார்கள். இந்த முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் நேர்மையாக ஆடுகிறவன் இதில் மாட்ட வழியே இல்லை.

இதற்குப் பின்னால் இருக்கிற பணத்தையும் சொல்ல வேண்டும். ஹேக் எழுதுவது இன்று ஒரு தொழில், மாதச் சந்தா கட்டி வாங்குகிற சரக்கு. 2021-ல் சீனப் போலீஸ் ஒரு கும்பலைப் பிடித்தபோது கோடிக்கணக்கான டாலர் வியாபாரம் வெளியே வந்தது. தென் கொரியாவில் கேம் ஹேக் தயாரிப்பதற்கும் பரப்புவதற்கும் 5 வருடம் வரை ஜெயில் என்று சட்டமே இருக்கிறது. அந்த மாதிரி பெரிய கும்பல்கூடப் பரவாயில்லை. நம் பசங்கள் டெலிகிராமில் 200 ரூபாய், 300 ரூபாய் ஜிபே பண்ணி வாங்குகிற ஏபிகே-தான் எனக்குப் பயம். அது பாதுகாப்பை ஆஃப் பண்ணச் சொல்லும், திரையில் இருப்பதைப் படிக்க விடுகிற அக்சசிபிலிட்டி பர்மிஷன் கேட்கும். கொடுத்துவிட்டால் திரையில் வருகிற ஓடிபி வரை அதனால் படிக்க முடியும். பல வீடுகளில் அது அம்மா போன், அம்மாவின் பேங்க் கணக்கும் அதில்தான். உங்கள் டோர்னமென்டில் வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இதைப் பசங்களிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? உங்களிடம் பெரிய கம்பெனிகளிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: ஆடுகிறவர்கள் எல்லாம் ஒரு ஷேர் ஆட்டோ தூரத்தில் இருக்கிறார்கள். முதல் சுற்றுகளை வீட்டிலிருந்தே ஆடட்டும், கடைசிச் சுற்றை ஒரே ஹாலில் வையுங்கள். இது ஒன்றே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். முழுசாகத் தீர்க்காது. 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த கவுன்டர் ஸ்ட்ரைக் போட்டியில், மேடையிலேயே, ஆப்டிக் இந்தியா அணி வீரர் ஒருவரின் கம்ப்யூட்டரில் ஹேக் பிடிபட்டது. வேர்டு.எக்ஸ்இ என்று பெயர் வைத்திருந்தார்கள். நடுவர் வந்து பார்க்கும்போதே அவர் அதை அழிக்கப் பார்த்தார். அணி வெளியேற்றப்பட்டது, பிறகு கலைக்கப்பட்டது, அவருக்கு 5 வருடத் தடை. கூட ஆடிய நான்கு பேருக்கும் அந்த வாய்ப்பு போனதுதான் அதில் பெரிய கொடுமை. அதனால் ஹாலில் ஆடினாலும் ஆட்டம் தொடங்குவதற்கு முன் போனைக் கையில் வாங்கி, கேமை அழித்து, ப்ளே ஸ்டோரிலிருந்து உங்கள் கண் முன்னே மறுபடி இறக்கச் சொல்லுங்கள். டெவலப்பர் ஆப்ஷன், ஸ்கிரீன் மேல் மிதக்கிற ஆப் பர்மிஷன், அக்சசிபிலிட்டி, இந்த மூன்றையும் பாருங்கள். பர்சனல் போட்டோ, மெசேஜ் பக்கம் போகாதீர்கள்.

வீட்டிலிருந்து ஆடுகிற சுற்றுகளில் ஸ்கிரீன் ரெக்கார்டிங்கும், இன்னொரு போன் கிடைத்தால் கையைக் காட்டுகிற வீடியோவும் கட்டாயம் என்று முன்கூட்டியே விதி போடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விரல் நகராமல் குறி நகர்வது தெரிந்துவிடும். ஆட்டத்தை லைவ் போடுகிறீர்கள் என்றால் சில நிமிடம் தாமதமாகப் போடுங்கள், இல்லாவிட்டால் ஹேக்கே தேவையில்லை, லைவைப் பார்த்தே எதிரி இடத்தைத் தெரிந்துகொள்வார்கள். ஹால் வைஃபையில் வேறு யாரையும் சேர்க்காதீர்கள். லேக் குறைந்தால் பாதிச் சந்தேகம் தானாகப் போய்விடும்.

ஒருவன் மேல் சந்தேகம் வந்தால் அதே இடத்தில், எல்லோர் முன்னாலும் "ஹேக்கர்" என்று கத்த விடாதீர்கள். நம் பக்கத்தில் அந்தப் பெயர் தெரு முழுக்கப் போகும், அவன் அம்மா காதுக்கும் போகும். ரெக்கார்டிங்கை இரண்டு அணியையும் சேராத இரண்டு பேர், தனித்தனியாக, யார் என்று பெயர் தெரியாமல் பார்க்கட்டும். இரண்டு பேரும் ஒரே இடத்தைக் காட்டி "இங்கே" என்று சொன்னால் மட்டும் முடிவெடுங்கள். அந்த இடத்தை அவனுக்கும் போட்டுக் காட்டுங்கள், அவன் சொல்வதைக் கேளுங்கள். அதற்கு நேரம் வேண்டும் என்பதால், பரிசுப் பணத்தை அன்றே கொடுக்காமல் இரண்டு நாள் கழித்துக் கொடுப்பதாக நோட்டீசிலேயே அச்சடித்துவிடுங்கள். ரெக்கார்டிங் பார்க்க ஆள் கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள் தம்பி, ஞாயிற்றுக்கிழமை என்றால் நானே வருகிறேன்.